அமைதியான கண்ட விளிம்பு எப்படி நிலநடுக்க விளிம்பாக மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமத்ராவில் நிலம் அதிரும்போதெல்லாம் சிங்கப்பூரில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சில கேள்விகள் தவறாமல் வரும். நமக்கு ஆபத்து உண்டா? ஏன் எப்போதும் அந்தப் பக்கமே அதிர்கிறது? நாகப்பட்டினம், சென்னைப் பக்கமும் கடற்கரைதானே, அங்கே ஏன் அப்படி இல்லை? இவற்றுக்கெல்லாம் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கண்டங்களின் ஓரங்கள் சில கோடிக்கணக்கான ஆண்டுகள் சும்மா கிடக்கின்றன, பிறகு மாறுகின்றன. அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தப் பக்கம். பள்ளிப் புவியியல் மறந்துபோனவர்களும் படிக்கலாம்.

கண்ட விளிம்பு என்றால் கடற்கரைதானே?

இல்லை. கடல் நீர் இன்றைக்கு எதுவரை வந்து நிற்கிறது என்பதை மட்டுமே கடற்கரை காட்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இப்போது இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது சிங்கப்பூரிலிருந்து போர்னியோவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

கண்ட விளிம்பு வேறு. கண்டத்தின் தடித்த, இலேசான பாறை முடிந்து, கடலடியின் மெல்லிய, கனமான பாறை தொடங்கும் இடம் அது. கண்டத்தின் மேலோடு பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். கடலடி மேலோடு வெறும் 7 கிலோமீட்டர் அளவுதான். இந்தக் கணக்கில் பார்த்தால் சிங்கப்பூர் விளிம்பிலேயே இல்லை. சுந்தா கண்டத்திட்டு என்ற பரந்த நிலப்பரப்பின் உட்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் இன்றைக்குக் கொஞ்சம் கடல் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். நம் பக்கத்து உண்மையான விளிம்பு சுமத்ராவையும் தாண்டி மேற்கே இருக்கிறது.

அமைதி விளிம்பு, இயங்கு விளிம்பு: என்ன வேறுபாடு?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையையும் சுமத்ராவின் மேற்குக் கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே கடலுக்குள் போனால் கண்டம் மெல்ல மெலிந்து, வண்டல் மூடி, கடலடியாக மாறும். ஆனால் அங்கே எந்த எல்லையும் இல்லை. இந்தியாவும் வங்காள விரிகுடாவின் அடித்தளமும் ஒரே புவித்தட்டின் இரு பகுதிகள். மேலோடும், அதற்கு அடியில் உள்ள கவசம் என்ற பாறை அடுக்கின் குளிர்ந்து இறுகிய மேற்பகுதியும் சேர்ந்ததுதான் தட்டு. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. இதுதான் அமைதி விளிம்பு.

சுமத்ராவின் பாடாங் நகரிலிருந்து மேற்கே போனால் கதை வேறு. அங்கே கடலடியில் ஓர் ஆழமான அகழி ஓடுகிறது. இந்தியப் பெருங்கடலின் தரை அந்த அகழி வழியாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வேகத்தில், சுமத்ராவுக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. இப்படி ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போவதை அமிழ்வு என்கிறோம். தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பிறகு திடீரென்று விடுபடும்போது பெரிய நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26 அன்று அப்படித்தான் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு விட்டுக்கொடுத்தது. அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலே உள்ள சூடான பாறையை உருக்குவதால் எரிமலைகளும் வரிசையாக எழுகின்றன. இது இயங்கு விளிம்பு.

ஆக, வேறுபாடு ஒன்றுதான். விளிம்பில் தட்டு எல்லை இருக்கிறதா, இல்லையா?

அமைதி விளிம்பில் நிலநடுக்கமே வராதா?

வரும், ஆனால் அரிதாக. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் ரிக்டர் 5.5 அளவில் ஒரு நடுக்கம். சென்னையிலும் உணர்ந்தார்கள். 1929 நவம்பரில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில், 7.2 அளவில் அதிர்ந்தது. கண்டச் சரிவில் குவிந்திருந்த வண்டல் பெருமளவில் சரிந்து, கடலடித் தந்திக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனது. ஆழிப்பேரலையும் வந்தது. எனவே "அமைதி" என்பதை "முழுப் பாதுகாப்பு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அமைதி விளிம்பு எப்படிப் பிறக்கிறது?

கண்டம் பிளந்துதான். ஒரு பெருங்கண்டம் இழுபட்டு, மெலிந்து, நடுவில் கிழிந்து, கிழிசலில் புதுக் கடலடி உருவாகத் தொடங்கும். பிளந்த இரு கரைகளும் அமைதி விளிம்புகள். இந்தியாவின் கிழக்குக் கரை சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவிடமிருந்து இப்படித்தான் பிரிந்தது.

வயதாக வயதாக அது தானாகவே உடைந்து அமிழத் தொடங்காதா?

எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். புவியியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். காரணம் எளிது. கடலடித் தட்டு பிறக்கும்போது சூடாக, இலேசாக இருக்கும். வயது ஏற ஏறக் குளிர்ந்து, தடித்து, கனமாகும். சில கோடி ஆண்டுகளிலேயே அது தனக்குக் கீழே உள்ள கவசப் பாறையைவிட அடர்த்தியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் வேறு, பல கிலோமீட்டர் தடிமனுக்கு அதன்மேல் ஏறுகிறது. கனமான பொருள் இலேசான பொருளின் மேல் எத்தனை நாள் கிடக்கும்? மூழ்கித்தானே ஆக வேண்டும்?

ஆனால் மூழ்குவதில்லை. அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் பாருங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய கடலடிக்கு வயது சுமார் 18 கோடி ஆண்டு. அவ்வளவு கனத்துடன் இன்னும் அசையாமல் கிடக்கிறது.

ஏன் என்றால், குளிரும் தட்டு கனமாவதோடு நிற்பதில்லை, வலிமையும் பெறுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தடிமனுக்குக் குளிர்ந்து இறுகிய பாறையை வளைத்து உடைப்பது சாதாரண வேலை இல்லை. 1980களில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது கிடைத்த விடை பலருக்கு வியப்பாக இருந்தது. இளம் விளிம்பைத்தான் உடைப்பது எளிது. முதல் இரண்டு கோடி ஆண்டுகளில் உடையாவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு நாள் கடினமாகிறது. மூழ்கும் ஆசையும் வளர்கிறது, மூழ்கவிடாத இறுக்கமும் கூடவே வளர்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மூங்கில் கழியில் நனைந்த வேட்டியைப் போட்டிருக்கிறீர்களா? இரு பக்கமும் சமமாகத் தொங்கும்வரை அசையாது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் போதும், தன் எடையே மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அமிழ்வும் அப்படித்தான். தொடங்கிவிட்டால் அமிழ்ந்த பகுதியின் எடையே தட்டு முழுவதையும் இழுக்கும். அந்த முதல் இறக்கத்தைத் தருவது யார் என்பதுதான் சிக்கல்.

அப்படியென்றால் விளிம்புகள் மாறுவதே இல்லையா?

மாறுகின்றன. பழங்கால அமைதி விளிம்புகளின் பாறைகளை ஆராய்ந்து அவற்றின் ஆயுளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரி சுமார் 18 கோடி ஆண்டு. புவி வரலாற்றில் அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் முடிவுக்கு வந்திருக்கிறது. மலைத்தொடர்களுக்குள் கசங்கிக் கிடப்பவை அவைதான். அட்லாண்டிக்குக்கு முன்பே அதே இடத்தில் இன்னொரு கடல் திறந்து மூடியது என்று 1966-இல் கனடியப் புவியியலாளர் ஜே. டூசோ வில்சன் எடுத்துக்காட்டினார். கடல்கள் பிறந்து, விரிந்து, மூடும் இந்தச் சுற்றுக்கு இன்று அவர் பெயர்தான்.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான முடிவு ஒன்று உண்டு. அமைதி விளிம்பு முதுமையால் மாறுவதில்லை. மாற்றம் வெளியிலிருந்துதான் வருகிறது. கடந்த 10 கோடி ஆண்டுகளில் புதிதாகத் தொடங்கிய அமிழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த அமிழ்வுகளின் அக்கம்பக்கத்தில்தான் பிறந்திருக்கின்றன. பக்கவாட்டில் ஒரு தள்ளல் கிடைத்திருக்கிறது. யாரும் தொடாமல், தன் எடையால் மட்டுமே ஓர் அமைதி விளிம்பு உடைந்து அமிழ்ந்ததற்கு, அண்மைப் புவி வரலாற்றில் ஐயமில்லாத எடுத்துக்காட்டு ஒன்றுகூட இல்லை.

வெளியிலிருந்து வருவது என்றால் எப்படி?

மூன்று வழிகள். முதல் வழி, விளிம்பே போய் மாட்டிக்கொள்வது. இதற்கு நமக்கு அருகிலேயே நேரடிக் காட்சி இருக்கிறது: திமோர்.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு ஓரம் ஓர் அமைதி விளிம்பு. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடக்கு–வடகிழக்காக நகர்கிறது. அதற்கு முன்னால் இருந்த பழைய கடலடி முழுவதும் இந்தோனேசியத் தீவு வரிசைக்கு அடியில் அமிழ்ந்து தீர்ந்தது. தீர்ந்த பிறகு என்ன வரும்? கண்டத்தின் விளிம்பேதான். கண்டப் பாறை இலேசானது, அவ்வளவு எளிதில் கீழே போகாது. கொஞ்சம் இழுபட்டுப் போய்ச் சிக்கிக்கொண்டது. விளிம்பில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்திருந்த அடுக்குகள் சுரண்டப்பட்டு, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடலுக்கு மேலே ஒரு தீவாக எழுந்தன. திமோரின் உயர்ந்த சிகரமான தத்தமைலாவ் ஏறத்தாழ 3,000 மீட்டர். திமோருக்கு வடக்கே உள்ள அத்தவுரோ தீவில் பழைய பவளப்பாறைத் திட்டுகள் படிக்கட்டு படிக்கட்டாகக் கடல்மட்டத்துக்குப் பல நூறு மீட்டர் மேலே நிற்கின்றன. பவளம் கடலோரத்தில்தான் வளரும். நிலம் எவ்வளவு எழுந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்தப் பக்கத்து எரிமலைகளும் அணைந்துவிட்டன, உள்ளே போகக் கடலடி இல்லாததால்.

ஆனால் ஆஸ்திரேலியா நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளல் எங்கேயாவது வெளிப்பட்டாக வேண்டுமே. தீவு வரிசையின் மறுபக்கத்தில், ஃபுளோரஸ் தீவுக்கு வடக்கே, எதிர்த் திசையில் சாயும் புதிய பிளவுகள் உருவாகிவருகின்றன. 1992 டிசம்பர் 12 அன்று ஃபுளோரஸில் ஆழிப்பேரலையோடு வந்த 7.8 அளவு நடுக்கமும், 2018 ஆகஸ்ட்டில் லொம்போக்கைக் குலைத்த நடுக்கங்களும் இந்தப் பின்பக்கப் பிளவு வரிசையில்தான். அமிழும் திசையே தலைகீழாக மாறும் முயற்சி என்று பலர் இதைப் பார்க்கிறார்கள். தைவானிலும் இதே வகை மோதல். சீனாவின் அமைதி விளிம்பு லூசோன் எரிமலை வரிசையில் போய் மோதியதால்தான் அங்கே 3,952 மீட்டர் உயர யூஷான் சிகரம் நிற்கிறது.

மற்ற இரண்டு வழிகள்?

ஒன்று, பக்கத்தில் இருக்கும் அமிழ்வு பரவி வருவது. அட்லாண்டிக்கின் ஓரங்களில் ஏற்கெனவே இரண்டு சிறு அமிழ்வுகள் இருக்கின்றன: கரீபியனின் கிழக்கே லெஸ்ஸர் அன்டில்லிஸ், தென்கோடியில் ஸ்கோஷியா. மூன்றாவது ஜிப்ரால்டர். மத்தியதரைக் கடலில் பிறந்த ஒரு வளைவான அமிழ்வு மேற்கே நகர்ந்து நகர்ந்து அட்லாண்டிக்கின் வாசலுக்கு வந்து நிற்கிறது. போர்ச்சுகலின் தென்மேற்கே கடலடியில் நெருக்குப் பிளவுகள் கிளம்பியிருக்கின்றன. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனை அழித்த மாபெரும் நிலநடுக்கமும் பேரலையும் அந்தப் பகுதியிலிருந்துதான் வந்தன. இந்த அமிழ்வு இன்னும் சுமார் 2 கோடி ஆண்டுகளில் அட்லாண்டிக்குக்குள் நுழைந்து விரியும் என்று 2024-இல் வெளியான ஒரு கணினி மாதிரி காட்டுகிறது. எல்லாரும் இதை ஏற்கவில்லை. ஜிப்ரால்டர் அமிழ்வு ஓய்ந்துவிட்டது என்போரும் உண்டு. எனக்கு முதல் தரப்பின் வாதம்தான் வலுவாகத் தெரிகிறது.

மூன்றாவது வழி, தொலைவில் ஏதோ மாறி, தட்டுகளின் தள்ளல் திசையோ வேகமோ மாறுவது. இதற்கான எடுத்துக்காட்டு நம் சுமத்ரா–ஜாவா விளிம்பாகவே இருக்கலாம். புவியியலாளர் ராபர்ட் ஹால் முன்வைக்கும் விளக்கப்படி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த விளிம்பில் அமிழ்வு நின்றுபோனது. சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலியா அண்டார்டிகாவைவிட்டு வேகமாக வடக்கே கிளம்பியபோது மறுபடி தொடங்கியது. சுமத்ராவைப் பொறுத்தவரை இதில் மாற்றுக் கருத்துகள் இருக்கின்றன. ஆனாலும், இன்று உலகின் மிக முரட்டு விளிம்புகளில் ஒன்றாக இருப்பது இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தூங்கியிருக்கக்கூடும் என்ற எண்ணமே என்னைப் பலமுறை வரைபடத்தின் முன் உட்காரவைத்திருக்கிறது.

இத்தனை வலிமையான தட்டு எங்கே உடையும்?

பழைய காயத்தில். கண்டம் பிளந்தபோது உருவான பிளவுகள் வண்டலுக்கு அடியில் அப்படியே இருக்கும். அன்று இழுபட்டுச் சரிந்தவை, இன்று நெருக்கப்பட்டால் எதிர்த்திசையில் வழுக்கத் தொடங்கும். கடல்நீர் ஊறி கவசப் பாறை செர்பென்டினைட்டாக மாறிய இடங்கள் இன்னும் பலவீனம். அந்தப் பாறையைக் கையில் எடுத்துத் தடவினால் வழுவழுவென்று இருக்கும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பாறை அடுக்கைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதலில் அமைதிக் காலம். ஆழமற்ற, தெளிந்த, வெதுவெதுப்பான கடலில் சுண்ணாம்புக்கல் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குச் சீராகப் படியும். அந்த விளிம்பு ஓர் அமிழ்வை நெருங்கும்போது, தட்டு வளையும் இடத்தில் தரை முதலில் கொஞ்சம் புடைத்து எழும். சுண்ணாம்பு கடலுக்கு மேலே வந்து அரிக்கப்படும். அப்புறம் திடீரென்று ஆழம். சுண்ணாம்பு நின்றுபோய், அதன்மேல் கருநிறக் களிப்பாறை. அதற்கும் மேலே, சரிவிலிருந்து சேற்று வெள்ளமாக இறங்கிய மணலும் களியும் மாறி மாறி அடுக்கடுக்காக. இடையிடையே எரிமலைச் சாம்பல். வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில், சுமார் 46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில், இந்த வரிசை கண்ணாடியாகத் தெரிகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி சிர்க்கான். மணலுக்குள் இருக்கும் சிறு படிகம், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மணற்பாறை ஒன்றை இடித்து, சலித்து, கனமான துகள்களைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சிர்க்கான் உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. பின்னாளில் உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. இரண்டின் விகிதத்தை அளந்தால் அந்தப் படிகத்தின் பிறந்த காலம் கிடைத்துவிடும்.

இப்போது நுட்பத்தைப் பாருங்கள். அமைதி விளிம்பில் படியும் மணல் பழைய கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வருவது. அதிலுள்ள சிர்க்கான்கள் மணற்பாறையைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. இயங்கு விளிம்பிலோ அருகே எரிமலைகள் இருப்பதால், நேற்றுப் பிறந்த சிர்க்கானும் இன்றைய மணலில் கலந்துவிடும். அடுக்கு அடுக்காக மேலே வரும்போது, சிர்க்கானின் வயதுக்கும் பாறையின் வயதுக்கும் உள்ள இடைவெளி ஓர் இடத்தில் சட்டென்று சுருங்கினால், விளிம்பு மாறிய காலம் அதுதான். மலையே தேய்ந்து மறைந்த பிறகும் இந்தத் துகள்கள் கணக்கை விடாமல் வைத்திருக்கின்றன.

இதில் சிங்கப்பூருக்கு என்ன பங்கு?

நிறைய. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போயிருப்பவர்கள் படியேறும்போது கண்முன் நிற்கும் அந்தச் செங்குத்துப் பாறையைக் கவனித்திருப்பார்கள். அது சுண்ணாம்புக்கல், வயது 40 கோடி ஆண்டுக்கு மேல். ஆழமற்ற கடலில் படிந்தது. அந்தக் கடல் இருந்த இடம் மலேசியா அல்ல, கோண்டுவானா என்ற தென்பெருங்கண்டத்தின் ஓரம், இன்றைய ஆஸ்திரேலியாவின் வடமேற்குக்கு அருகே. பனிக்காலத்துச் சான்றுகூட இருக்கிறது. லங்காவியில் உள்ள சிங்கா பாறைத்தொகுதியில், மென்மையான சேற்றுப்பாறைக்குள் சம்பந்தமே இல்லாமல் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. மிதந்துவந்த பனிப்பாறைகள் உருகி, உள்ளே இருந்த கற்களைக் கடலடியில் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. வெப்பமண்டல லங்காவியில்!

சிபுமாசு என்று பெயரிடப்பட்ட அந்த நீண்ட நிலத்துண்டு சுமார் 28–29 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாவைவிட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்தது. அதன் முன்விளிம்பு அமைதி விளிம்பு. எதிரே இன்னொரு நிலம், கிழக்கு மலாயா. இரண்டுக்கும் நடுவே தொல்–டெதிஸ் கடல். அந்தக் கடலடி கிழக்கு மலாயாவுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருந்தது. கிழக்கு மலாயாவின் ஓரமும் ஒரு காலத்தில் கண்டப் பிளவில் பிறந்ததுதான், பின்னர் இயங்கு விளிம்பாக மாறியிருந்தது. அங்கே எரிமலைகள் இருந்தன. அவற்றின் அடியில் உருகிய பாறை ஆழத்திலேயே மெல்லக் குளிர்ந்து கிரானைட்டானது. அந்தக் கிரானைட்டின் ஒரு பகுதிதான் நம் புக்கிட் தீமா, புலாவ் ஊபின். வயது சுமார் 23 முதல் 25 கோடி ஆண்டு.

டிரையாசிக் காலத்தில் (சுமார் 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடல் தீர்ந்தது. சிபுமாசு வந்து மோதியது. பத்துமலை ஒரு கரை, புக்கிட் தீமா மறுகரை. நடுவில் இருந்த பெருங்கடல் இன்று ஒரு தழும்பு மட்டும்: பெந்தோங்–ரவுப் தையல். சுமார் 13 கிலோமீட்டர் அகலத்தில் தீபகற்பத்தின் நெடுக ஓடுகிறது. அங்கே செர்பென்டினைட்டும், ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகள் படிந்து இறுகிய ஆழ்கடல் செர்ட் பாறையும் கிடைக்கின்றன. மலைக்காட்டின் நடுவே ஆழ்கடலின் தரை. மோதலில் தடித்த மேலோடு உருகிப் பிறந்த கிரானைட்தான் மேற்குப் பக்க மலைத்தொடர். ஈப்போ வட்டாரத்துச் சுரங்கங்களில் நம்மவர் முன்னோர் தோண்டிய வெள்ளீயமும் அந்தக் கிரானைட்டோடு வந்ததே.

சிங்கப்பூரில் இதை எங்கே பார்க்கலாம்?

163 மீட்டர் புக்கிட் தீமா மலையின் அடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் கல்குவாரிக்குப் போங்கள், கிரானைட் சுவரே நிற்கிறது. ஊபினில் கைவிடப்பட்ட குவாரிகள் பல. 1851-இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் ஊபின் கிரானைட்டில் கட்டியது. தெற்கே செந்தோசா, லாப்ரடார் பக்கம் பாறை மாறிவிடும். அங்கே ஜூரோங் தொகுதியின் மணற்பாறையும் களிப்பாறையும், மோதல் காலத்தில் அழுத்தப்பட்டு சாய்ந்தும் மடிந்தும் இருக்கும். எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் அந்தத் தொகுதியில் உண்டு. மழை ஓய்ந்த காலையில் போவது நல்லது, நனைந்த பாறையில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். பாறையை உடைக்காதீர்கள், இருப்பதே கொஞ்சம்.

இயங்கு விளிம்பு அமைதி விளிம்பாகத் திரும்புமா?

திரும்பும். தென்சீனக் கரை ஒரு காலத்தில் இன்றைய ஆண்டிஸ் போல எரிமலைகள் நிறைந்த இயங்கு விளிம்பு. அமிழ்வு நின்று, நிலம் இழுபட்டு, சுமார் 3.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்சீனக் கடல் திறந்தது. ஹாங்காங்கின் கரை இப்போது அமைதி விளிம்பு.

தமிழ்நாட்டுக் கரை எதிர்காலத்தில் சுமத்ரா போல ஆகுமா?

நமக்குத் தெரியக்கூடிய எந்தக் காலத்திலும் ஆகாது. அந்தக் கரைக்கு அருகில் பரவி வரக்கூடிய அமிழ்வு எதுவும் இல்லை. ஆனால் இன்னும் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவே, கவனிக்க வேண்டிய ஒன்று நடக்கிறது. இமயமலையில் இந்தியா முட்டிக்கொண்டு நிற்க, ஆஸ்திரேலியப் பகுதியோ சுமத்ரா–ஜாவாவுக்குக் கீழே தடையின்றிப் போகிறது. ஒரே தட்டு என்று நினைத்திருந்தது நடுவில் நெளிகிறது. இலங்கைக்குத் தெற்கே கடலடி பல நூறு கிலோமீட்டருக்கு மடிந்து கிடக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, அகழிக்கு வெளியே, 8.6 அளவில் ஒரு நடுக்கம். சில மணிநேரத்தில் 8.2 அளவில் இன்னொன்று. பக்கவாட்டில் நழுவும் வகையில் கருவிகள் பதிவுசெய்தவற்றிலேயே அந்த முதல் நடுக்கம்தான் மிகப் பெரியது. ஒரு தட்டு இரண்டாகப் பிரிந்து புதிய எல்லை உருவாகும் நிகழ்வின் ஒரு கட்டம் இது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

நாகப்பட்டினத்தின் துயரம் வேறு வகை. 2004-இல் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் வாழ்ந்தது அமைதி விளிம்பில். அலை வந்தது எதிர்க்கரையிலிருந்து. நம்மில் பலருக்கு அங்கே உறவுகள் உண்டு, இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த அலை ஏன் சிங்கப்பூருக்கு வரவில்லை?

சுமத்ராவும் மலாயாத் தீபகற்பமும் நடுவில் நிற்கின்றன. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, அலையின் ஆற்றல் அங்கே கரைந்துவிடுகிறது.

பிறகு ஏன் எங்கள் புளோக் மட்டும் ஆடுகிறது, பக்கத்துப் பேட்டையில் ஒன்றும் தெரியவில்லை?

சுமத்ராவின் நீளவாக்கில் ஓடும் பெரும் பிளவு நம்மிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில். அகழி இன்னும் தூரம், 600 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் வரும்போது வேகமான சிறு அதிர்வுகள் தேய்ந்துபோய், மெதுவான நீண்ட அலைகளே மிஞ்சும். உயரமான கட்டடங்கள் இயல்பாகவே மெதுவாக ஆடுபவை, எனவே அந்த அலைகளோடு சேர்ந்து அவைதான் அதிகம் ஆடும். அடுத்தது மண். காலாங், மரின் பரேட், காத்தோங் பகுதிகளில் கட்டடத்துக்குக் கீழே மென்மையான கடல்களி இருக்கிறது. அது அதிர்வைப் பெரிதாக்கும். புக்கிட் தீமாப் பக்கம் கிரானைட், அதிகம் அசையாது. 2007 மார்ச் 6, 2022 பிப்ரவரி 25 ஆகிய நாள்களில் சுமத்ராவில் நேர்ந்த நடுக்கங்களின்போது இங்கே உணர்ந்தவர்கள் பலர். புதிய உயரக் கட்டடங்களை இந்தத் தொலைதூர அதிர்வுகளைக் கணக்கில் எடுத்து வடிவமைக்க வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. விளக்கு ஆடினால் ஜன்னல் ஓரத்தையும் கண்ணாடி அலமாரியையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள், ஆட்டம் நிற்கும்வரை மின்தூக்கியில் ஏற வேண்டாம்.